மதகடிப்பட்டுச் சத்தியம்

பூவாயியைப் பற்றி முதலியார்பேட்டையில் யாரைக் கேட்டாலும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால் நானும் அதையேதான் சொல்லவேண்டியிருக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு குறை, ஒரே ஒரு குறை என் கையில் அகப்பட்டிருந்தால் இந்த இருபத்தொரு வருஷமும் நான் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பேன்!

நான் அங்கம்மாள். அந்த வீட்டுக்கு மூத்த மருமகள். என் வீட்டுக்காரர் மில்லில் தறி ஓட்டுகிறவர். அவருடைய தம்பி குமாரவேலுவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் பூவாயி, என் ஓரகத்தி. எனக்குப் பிறந்த வீடு வளவனூர். அவளுக்கு ரெட்டியார்பாளையம். அந்தக் காலத்தில் வளவனூர் இங்கிலீஷ்காரன் எல்லை, ரெட்டியார்பாளையம் பிரெஞ்சுக்காரன் எல்லை. கல்யாணம் பேசும்போது ஜாதகம் பார்த்தார்கள், சீர்வரிசை பார்த்தார்கள். எல்லைக் கல் எங்கே நட்டிருக்கிறது என்று எவராவது பார்த்தார்களா? நானும்தான் பார்க்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் வயிறு திறக்கவில்லை. கோயில் கோயிலாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பூவாயி வந்து சேர்ந்தாள். தாலியில் மஞ்சள் காய்வதற்குள் அவளுக்கு மசக்கை. அவள் வாந்தி எடுத்தால் மாமியார் ஓடிப்போய்த் தலையைப் பிடிப்பாள். எனக்குத் தலைவலி என்றால், "ஒரு தம்ளர் சுக்குத்தண்ணி வச்சுக் குடி" என்பாள். பூவாயி முதல் பிரசவத்துக்கு ரெட்டியார்பாளையத்துக்குத் தாய்வீடு போனாள். பையன் பிறந்தான். ஜானகிராமன். அவள் அப்பா மூன்றாம் நாளே மேரிக்குப் போய்ப் பிறப்பை எழுதிவிட்டு வந்தார். மேரி என்று நாங்கள் சொல்வது நகரசபை ஆபீசை. அங்கே எழுதிக்கொடுக்கிற பிறப்புப் பத்திரத்துக்கு ஆக்த் என்று பேர். அந்தக் காகிதத்தை மாமியார் ஒரு தகரப் பெட்டியில் போட்டு உள்ளே வைத்தாள். பெட்டியில் கிடக்கிற ஒரு காகிதத்துக்காக நான் ஒருநாள் தலையில் அடித்துக்கொண்டு அழப்போகிறேன் என்று அப்போது யார் கண்டது?

மறு வருஷம் எனக்கும் தங்கியது. அந்த ஏழு மாதமும் நான் தரையில் நடக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்குப் போவதுதான் முறை. நான் போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டேன். நான் போய்விட்டால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இவள் ஒருத்தியே வீட்டில் ராணியாக இருப்பாளே! இன்றைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று ஒன்பதாம் மாதம் முடிகிறவரைக்கும் இழுத்தேன். கடைசியில் அப்பாவே வண்டி அனுப்பிவிட்டார். அம்மாவுக்குக் காய்ச்சல், அவளால் வரமுடியவில்லை. நிறைமாதத்தில் ரயில் அதிர்ச்சி ஆகாது என்று மாமியார் சொல்லி, மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி என்னை ஏற்றினாள். துணைக்கு யார்? இந்தப் பூவாயிதான். ஒரு வயசுப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வந்தாள்.

அந்தச் சாலை ஒரு கூத்து. அரியூர்வரை பிரெஞ்சு எல்லை. கண்டமங்கலம் வந்தால் இங்கிலீஷ் எல்லை. மதகடிப்பட்டு வந்தால் மறுபடியும் பிரெஞ்சு. அதைத் தாண்டினால் வளவனூருக்கு இங்கிலீஷ். கண்டமங்கலத்தில் எனக்கு வலி எடுத்தது. மதகடிப்பட்டுக்கு வருவதற்குள் வண்டியில் உட்கார முடியவில்லை. அங்கே செவ்வாய்க்கிழமை தோறும் மாட்டுச் சந்தை கூடும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, திடலில் ஒரு ஈ காக்கை இல்லை. மாடு கட்டுகிற கொட்டகை ஒன்றுதான் இருந்தது.

பூவாயிக்கு அப்போது பதினெட்டு வயசு. எனக்குக் கத்தத்தான் தெரிந்தது. அவள்தான் வண்டிக்காரரைத் தண்ணீருக்கு விரட்டினாள், இரண்டு கம்பத்துக்கு நடுவில் தன் மாற்றுப் புடவையைக் கட்டினாள், என் தலையைத் தொடைமேல் வைத்துக்கொண்டாள். சாணி நாற்றத்துக்கு நடுவில் என் பிள்ளை தேவதாஸ் பிறந்தான். வண்டிக்காரர் புல் அறுக்க வைத்திருந்த அரிவாளைத் தீயில் காட்டித் தொப்புள்கொடியை அறுத்தவளும் அவள்தான். பிள்ளை அழுதது. அவளும் அழுதாள், சந்தோஷத்தில்.

நான் வாயைத் திறந்து பேசின முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"யாருகிட்டயும் சொல்லிடாதடி."

"எதக்கா?"

"இங்க பொறந்துச்சுன்னு. மொதப் புள்ளய ஆத்தா வூட்டுல பெக்காம, சந்தையில மாட்டுக்கு நடுவுல பெத்தவன்னு பேரு வரும். எங்கம்மா மூஞ்சிய எங்க கொண்டுபோயி வச்சுக்குவா? வளவனூர்லதான் பொறந்துச்சு. தெரிஞ்சுதா?"

"சரிக்கா. தெரிஞ்சுது. நீ மொதல்ல தண்ணி குடி."

எனக்கு அது போதவில்லை. அவளுடைய பிள்ளை ரெட்டியார்பாளையத்தில், பாட்டி வீட்டுக் கூடத்தில் பிறந்தது. என்னுடையது மாட்டுக் கொட்டகையில். இதை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் எப்படி வாழ்வது? "உம்புள்ள தலைல அடிச்சு சத்தியம் பண்ணு" என்றேன். வைக்கோலில் உட்கார்ந்து விரலைச் சூப்பிக்கொண்டிருந்த ஜானகிராமன் தலையில் அவள் கை வைத்தாள்.

"எம்புள்ள தலமேல சத்தியமா, நீயா சொல்லுன்னு சொல்ற வரைக்கும் எவன் கேட்டாலும் எங்க கேட்டாலும் என் வாயிலேருந்து வராதுக்கா. போதுமா?"

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தோட்டத்துப் பக்கமாக வளவனூர் வீட்டுக்குள் போனோம். அம்மாவுக்குச் சொல்லவேண்டியதே இல்லை, பார்த்ததும் புரிந்துகொண்டாள். விடிந்ததும் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுப் பேரன் பிறந்திருக்கிறான் என்று சர்க்கரை கொடுத்தாள். கிராம முன்சீப் தன் பதிவேட்டில், பிறந்த இடம் வளவனூர் என்று எழுதினார். பதினோராம் நாள் வந்த என் வீட்டுக்காரருக்கும் அதுதான் தெரியும். வண்டிக்காரர் மறு வருஷமே காலராவில் போனார். அம்மாவும் பிறகு போய்ச் சேர்ந்தாள். அந்தக் கொட்டகையை அறிந்தவர்கள் என்று மிச்சம் இருந்தது நானும் அவளும்தான்.

அதற்குப் பிறகு ஒரே வீட்டில் எத்தனை சண்டை! தண்ணீர்க் குடத்துக்கு ஒரு சண்டை, அடுப்புக்கு ஒரு சண்டை. எல்லாம் நான் ஆரம்பித்ததுதான், மறைப்பானேன். ஒவ்வொரு தடவையும், இதோ இப்போது சந்தையை இழுக்கப்போகிறாள் என்று காத்திருப்பேன். அவள் இழுக்கவே இல்லை. வாயை மூடிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள். இழுத்திருந்தால் நானும் நாலு கேட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். என் குடுமி அவள் கையில் இருந்தது, அவள் அதைப் பிடித்து ஆட்டவே இல்லை. அதைவிட எரிச்சல் வேறு உண்டா?

நாற்பத்தாறில் கொழுந்தனார் சொல்தாவாகச் சேர்ந்து சைகோனுக்குக் கப்பல் ஏறினார். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயை எங்கள் ஊரில் சொல்தா என்போம். ஒன்பது வருஷம் பூவாயி தனியாக இருந்தாள். ஒரு பசுவை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பால் ஊற்றினாள். விடியலில் அவள் செம்பைத் தூக்கிக்கொண்டு போவதை நான் பாயில் படுத்தபடி பார்ப்பேன். ஐயோ பாவம் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குச் சைகோனிலிருந்து காகிதம் வருகிறதே, எனக்கு எங்கிருந்தாவது காகிதம் வருகிறதா என்றுதான் தோன்றியது. இவர் மில்லுக்குப் போவார், வருவார். காகிதம் எதற்குப் போடப்போகிறார்?

ஐம்பத்துநாலு நவம்பரில் கொடி மாறியது. பிரெஞ்சுக்காரன் நிர்வாகத்தை இந்தியாவிடம் கொடுத்தான். என் வீட்டுக்காரர் சங்கத்து ஆட்களோடு ஊர்வலத்தில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்து மூன்று நாள் பேச்சு வராமல் கிடந்தார். ஜானகிராமனும் தேவதாஸும் ஒரே தாம்பாளத்தில் மிட்டாயை வைத்துக்கொண்டு தெருவெல்லாம் கொடுத்தார்கள். தாய்மார்கள் முறைத்துக்கொண்டு நின்றாலும் அந்த இரண்டு பிள்ளைகளும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரிதான் திரிந்தார்கள்.

மறு வருஷம் கொழுந்தனார் பென்ஷனோடு திரும்பினார். பக்கத்து மனையில் மாடி வைத்த வீடு கட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் பூவாயி என் அடுப்படிக்கு வந்தாள். கையில் மூன்று எனாமல் தட்டு, வெள்ளையில் நீலப் பூப்போட்டது.

"அவுரு ஆறு தட்டு கொண்டாந்தாருக்கா. உனக்கு மூணு, எனக்கு மூணு."

நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் விளிம்பு கொஞ்சம் பெயர்ந்திருந்தது. அவ்வளவுதான், எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ஒடஞ்சத பொறுக்கி எடுத்துக்கினு வந்து எனக்குப் பிச்ச போடுறியா? சொல்தா பொண்டாட்டின்னா அவ்வளவு திமிரா?" என்று மூன்றையும் தோட்டத்தில் வீசினேன். அவள் பொறுக்கிக் கழுவி என் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஏழு வருஷம் நாங்கள் பேசவில்லை. சரியாகச் சொன்னால் நான் பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் அவள் பார்ப்பாள், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பழகிப்போய்விட்டது.

அறுபத்திரண்டு ஆகஸ்டில் ஒப்பந்தம் முழுசாக அமலுக்கு வந்தது. புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சுப் பிரஜையாக இருந்தவர்கள் எல்லாரும் இனி இந்தியப் பிரஜைகள். வேண்டாம், பிரெஞ்சாகவே இருக்கிறேன் என்கிறவன் ஆறு மாசத்துக்குள் கான்சல் ஆபீசில் எழுதிக் கொடுக்கவேண்டும். பதினெட்டு முடிந்த பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே எழுதலாம். பிப்ரவரி தாண்டினால் கதவு மூடிவிடும், பிறகு முட்டிக்கொண்டாலும் திறக்காது. எழுதப் போகிறவன் கையில் முதலில் என்ன இருக்கவேண்டும்? ஆக்த். அந்தக் காகிதம் இருந்தால்தான் அவன் ஆள்.

ஜானகிராமனுக்கு இருபது வயசு. தகரப் பெட்டியைத் திறந்தான், ஆக்தை எடுத்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து பிரான்சுக்குப் போகிறேன் என்றான். என் தேவதாஸுக்குப் பத்தொன்பது. மில்லில் பதிலி ஆள். யாராவது வராவிட்டால்தான் அவனுக்கு வேலை, காலையில் மில் கேட் வாசலில் நின்று பாதி நாள் திரும்பி வருவான். "அம்மா, நானும் அவங்கூட போறேம்மா" என்றான். பிறந்ததிலிருந்து அவன் என்னிடம் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் குதித்தார். "கொடி மாறணும்னு கத்துனவன் நானு. எம்புள்ள அந்தக் கொடிக்குக் கீழ போயி நிக்கறதா?"

"நீங்க கத்துனதுக்கு மில்லுல அவனுக்கு நெரந்தரமா வேல போட்டுக் குடுத்தானா?" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். எனக்கென்ன, பிரெஞ்சுக் கொடியா இந்தியக் கொடியா என்று நான் பார்க்கவில்லை. பூவாயி பிள்ளை போகிற இடத்துக்கு என் பிள்ளையும் போகவேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், என் மனசில் பாதி தேவதாஸுக்காகத் தவித்தது, பாதி அதற்காகத்தான் எரிந்தது.

மேரியில் போய் நின்றோம். குமாஸ்தா காகிதங்களைப் புரட்டினார். "அப்பாவுக்கு ஆக்த் இருக்குது. சரி. ஆனா உங்க கல்யாணம் வளவனூர்ல நடந்திருக்குது, இங்க எழுதல. புள்ள பொறந்ததும் வளவனூர்னு முன்சீப் சீட்டு சொல்லுது. இவனுக்கு நான் என்னத்த வச்சு ஆக்த் தேடறது?" என்றார். பிறகு இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். பழைய பிரெஞ்சு எல்லைக்குள் பிறந்து எழுத விட்டுப்போன பிள்ளைகளுக்குக் கோர்ட்டில் மனுப் போடலாம். பிறந்ததை நேரில் பார்த்தவர் சாட்சி சொன்னால் நீதிபதி தீர்ப்பு எழுதுவார், அந்தத் தீர்ப்பே ஆக்துக்குச் சமம். "ஆனா உங்களுக்கு அது ஆவாதும்மா. வளவனூர்ல பொறந்தவனுக்கு இந்தக் கோர்ட்டு என்னா பண்ணும்?"

என் பிள்ளை படியிறங்கினான். வீட்டுக்கு வந்து கவிழ்ந்து படுத்துக்கொண்டான். பத்தொன்பது வருஷமாக நான் மூடி வைத்த மாட்டுக் கொட்டகை அப்போது என் நெஞ்சில் வந்து நின்றது. மதகடிப்பட்டு பிரெஞ்சு எல்லை! என் பிள்ளை பிறந்த இடம் பிரெஞ்சு மண். எனக்கு அவமானம் என்று எதை ஒளித்தேனோ அதுதான் அவனுக்குக் கப்பல் டிக்கெட்டு.

கோர்ட்டுக்குப் பக்கத்தில் அன்வருதீன் பாய் என்று ஒருவர் மனு எழுதுவார். பிரெஞ்சில் எழுதினால் முத்து முத்தாக இருக்கும் என்பார்கள். என் வீட்டுக்காரரை டீ குடிக்க அனுப்பிவிட்டு நான் பாயிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பாய் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நேர்ல பாத்தவங்க யாராச்சும் உசுரோட இருக்காங்களாம்மா?"

"ஒருத்தி இருக்கா. என் ஓரகத்தி."

"அல்லா காப்பாத்துனான். அந்தம்மாகிட்ட போயி ஒக்காந்து பேசிடு. எந்த ஊரு, எந்த எடம், என்னா கெழம, எல்லாத்தையும் தெளிவா சொல்லணும்."

"நான் பேசறதில்ல பாய். நீங்க கோர்ட்டு மூலமா சம்மன் அனுப்புங்க. வருவா."

"சம்மன் வரும். ஆனா நீ ஒரு வார்த்த..."

"இந்த மனு பிரெஞ்சுலதான எழுதுவீங்க?"

"ஆமா."

"எங்க வூட்டு ஆம்பளைங்களுக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. அது நல்லதாப்போச்சு."

பாய் தலையை ஆட்டினார். "கோர்ட்டுல எல்லாரும் காதால கேக்கத்தானேம்மா போறாங்க?" என்றார். அது அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பூவாயி வீட்டு வாசலில் போய் நின்று, உன் வாயால் எனக்கு ஒரு உபகாரம் பண்ணு என்று கேட்பதைவிட எனக்கு எதுவும் தேவலை என்று இருந்தது.

சம்மன் போயிற்று. அதுவும் பிரெஞ்சில்தான், மனுவில் நான் எந்த ஊரைச் சொல்லியிருக்கிறேன் என்று அதில் இல்லை. சாயங்காலம் தேவதாஸ் வந்தான். அவன் சித்தி வீட்டுக்குப் போகாத நாள் கிடையாது.

"அம்மா, நான் பொறந்ததுக்கு சாட்சி சொல்ல சித்திய கூப்புட்டிருக்காங்களாமே. அக்கா என்னா சொல்ல சொல்லுதுன்னு கேட்டுக்கினு வாடான்னு சித்தி அனுப்புச்சு."

எப்பேர்ப்பட்ட வாய்ப்பு! 'நீ சொல்லலாம் என்று சொல்லு' என்று நாலு வார்த்தை போதும். என் வாயில் என்ன சனியன் உட்கார்ந்திருந்ததோ! மாடி வீட்டில் இருந்துகொண்டு ஆள் அனுப்பிக் கேட்கிறாளே, அவளே படியிறங்கி வரக்கூடாதா என்றுதான் எனக்குப் பட்டது.

"சாட்சிக்கு வர்றவளுக்கு நான் பாடம் எடுக்கணுமா? பேசாம போடா" என்றேன். அவன் போய், அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறான்.

நவம்பர் கடைசியில் விசாரணை. என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கொழுந்தனார் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்தார். வளவனூரிலிருந்து என் அண்ணனும் அண்ணியும் கிளம்பி வந்துவிட்டார்கள், மருமகன் சீமைக்குப் போகிறானே என்று. ஜானகிராமனும் தேவதாஸும் ஒரே பெஞ்சியில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பூவாயி மட்டும் ஓரமாக நின்றாள். அரக்குக் கரைப் புடவை, காதில் சைகோன் கம்மல். கோர்ட்டுக்கு வருகிற அன்றைக்குக்கூட அந்தக் கம்மல் என் கண்ணில் குத்தியது.

அவளைக் கூப்பிட்டார்கள். நீதிபதி பிரெஞ்சில் கேட்டார், மொழிபெயர்க்கிறவர் தமிழில் சொன்னார்.

"இந்தப் பையன் பொறந்தப்ப நீங்க கூட இருந்தீங்களா?"

"இருந்தேங்க. நான்தான் கொடி அறுத்தேன்."

"எந்த ஊருல, எந்த எடத்துல பொறந்தான்?"

அவள் கூட்டத்தில் என்னைத் தேடினாள். என் அண்ணனைப் பார்த்தாள், என் வீட்டுக்காரரைப் பார்த்தாள், பிறகு நேராக என் முகத்தைப் பார்த்தாள். ஏழு வருஷப் பழக்கம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"வளவனூருங்க" என்றாள் பூவாயி. "அவுங்க ஆத்தா வூட்டுல."

"அடிப்பாவி! பொய்யிங்க! பொய் சொல்றா!" என்று எழுந்து கத்தினேன். "மதகடிப்பட்டுங்க! சந்தைக் கொட்டகையில, மாடு கட்டுற எடத்துல பெத்தேங்க! ஊருக்குப் பயந்துக்கினு நான்தான் மறச்சேன்!"

என் அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். பூவாயி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நீதிபதியைப் பார்த்துக் கதறினாள். "ஆமாங்கய்யா! அக்கா சொல்றதுதான் நெசம்! மதகடிப்பட்டுதான்! சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன், அதனால மாத்தி சொல்லிட்டேங்கய்யா!"

நீதிபதி கோபப்படவில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ஒரு ஊர், தாய் எழுந்து கத்தினதும் இன்னொரு ஊர். முன்சீப் பதிவேடும் முதலில் சொன்ன ஊரைத்தான் சொல்கிறது. இப்படிப்பட்ட சாட்சியை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதமுடியாது என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அன்வருதீன் பாய் வெளியே வந்து, மேல்கோர்ட்டில் மனுப் போடலாம், ஆனால் பிப்ரவரிக்குள் அது எடுபடாது என்றார். பாய் என்னிடம் கூலிகூட வாங்கவில்லை.

படிக்கட்டில் பூவாயி என் கையைப் பிடித்தாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு அவள் கை என்மேல் பட்டது.

"ஏன்க்கா இப்புடி பண்ண? புள்ளய வுட்டு கேட்டு அனுப்புனனே! அங்க நின்னுக்கினு உன் மூஞ்சியத்தானே பாத்தேன். லேசா தலய ஆட்டியிருந்தா போதுமேக்கா. மூஞ்சிய திருப்பிக்கினியே. அண்ணன் அண்ணி முன்னால சொல்லிடாதடின்னு சொல்றன்னு நெனச்சுட்டேன்."

நான் கையை உதறினேன். தேவதாஸ் அருகில் வந்தான். அவன் அழவில்லை, கத்தவும் இல்லை.

"நான் மாட்டுக் கொட்டகையில பொறந்தா உனக்கு என்னாம்மா கொறஞ்சுபோச்சு?" என்று கேட்டான். பிறகு ஜானகிராமன் சைக்கிளில் ஏறிக்கொண்டு போய்விட்டான்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் பாவி என்பதோடு போயிருக்கும். பூவாயி போகவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு வேறொன்று உறைத்தது.

"அக்கா, நீ சொல்லுன்னு சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிட்டேன்க்கா. கோர்ட்டுல. எம்புள்ள தலைல அடிச்சு பண்ண சத்தியம். மீறிட்டேனே! அவன் கடல் தாண்டி பட்டாளத்துக்குப் போறவன். அவனுக்கு ஒண்ணும் ஆவாதுல்லக்கா? சத்தியத்துலேருந்து உன்னை வுட்டுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடுக்கா."

இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. மாடி வீடு அவளுடையது, கம்மல் அவளுடையது, ஆக்த் அவளுடையது. நான் கொடுத்தால்தான் உண்டு என்று அவளுக்கு ஒன்று இருந்தது. நான் கொடுக்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு விடுவிடென்று நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நடக்கும்போது எனக்கு நன்றாக இருந்தது. இதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்.

மூன்றாம் நாள் ஜானகிராமன் கான்சல் ஆபீசில் கையெழுத்துப் போட்டான். அவனைச் சைக்கிளில் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு போனவன் என் பிள்ளைதான். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வாசலில் வெயிலில் நின்று, திரும்பவும் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு வந்தான். வந்து கையைக் கழுவிக்கொண்டு சோற்றுக்கு உட்கார்ந்தவன், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"சித்தி மூணு நாளா பச்சத்தண்ணி பல்லுல படாம கெடக்குதும்மா. எனக்குத்தான் இல்லன்னு ஆயிடுச்சு. அவனையாச்சும் நல்லபடியா போவ வுடு."

என் பிள்ளை என்னிடமே பிச்சை கேட்கிறான், அவள் பிள்ளைக்காக. நான் எழுந்து போனேன். ஏழு வருஷமாக மிதிக்காத அந்த வாசற்படியை மிதித்தேன். பூவாயி சுவரோரம் பாயில் கிடந்தாள், என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றாள். அலமாரியில் அவள் பங்குக்கு எடுத்துக்கொண்ட நீலப்பூ எனாமல் தட்டுகள் மூன்றும் வரிசையாக நிறுத்தியிருந்தன. மூன்றிலும் விளிம்பு பெயர்ந்திருந்தது. எனக்குக் கொடுத்ததில் ஒன்றுதான் பெயர்ந்தது.

பத்தொன்பது வருஷம் ஒரு ரகசியத்தை என்னால் காப்பாற்ற முடியுமா? பத்தொன்பது நாள் தாங்காது என் வாய். வீடு, கம்மல், ஆக்த் எல்லாவற்றையும் கொடுத்த கடவுள் இந்த மனசையும் கொண்டுபோய் அவளுக்கே கொடுத்திருக்கிறான். எனக்கு ஒரு பங்கு வைத்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் அவனுக்கு?

"ஜானகிராமா, இங்க வாடா" என்றேன். அவன் வந்து என் முன்னால் குனிந்தான். கையில் கான்சல் ஆபீஸ் காகிதம், சீல் மை இன்னும் பளபளவென்று இருந்தது. அவன் தலையில் கை வைத்தேன்.

"வுட்டுட்டேன்டி பூவாயி. சத்தியத்தை வுட்டுட்டேன். எழுந்து சோறு துன்னு."

அவள் ஓவென்று அழுதாள். "பெரிம்மா, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றான் பையன். நல்லா இருடா என்றது என் வாய். வாசலில் என் பிள்ளை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். என் கை ஜானகிராமன் தலையிலேயே இருந்தது, வயிறு எரிந்துகொண்டேதான் இருந்தது.